மேவிஸ் உரித்த கடைசிச் சட்டை

முதலில் நிறத்தைச் சொல்லலாம், நிறத்தில் தொடங்கினால் மிச்சத்தை அவரே பிடித்துக்கொள்வார், லயல், மேவிஸ் சாம்பல் பூத்த மாதிரி ஆயிட்டா பாருங்க, அது எதனாலன்னா... அந்த இடத்தில் நிறுத்திவிடலாம், முப்பது வருடமாகச் சிலந்தி வளர்ப்பவருக்கு அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது, ஆனால் நிறம் என்றதும் அவர் சமையலறை ட்யூப் லைட்டைக் குறை சொல்வார், பேச்சு ட்யூப் லைட்டுக்குப் போய்விடும், அங்கிருந்து அதைத் திருப்பி இழுத்துவர மெரினால் முடியாது, எந்தப் பேச்சையும் அவள் எங்கிருந்தும் இழுத்து வந்ததில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. ரேலீன் தன் ஆண் சிலந்தியோடு பன்னிரண்டுக்கு வந்துவிடுவாள். நாற்பது நிமிடம், அதற்குள் ஒரு வாக்கியம், மேவிஸ் பெண் இல்லை, மூன்றே சொல், லயல் முதுகைக் காட்டிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும் இந்த நேரத்தில் சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது, இப்போது, குழாய்ச் சத்தம் நிற்பதற்குள்... நின்றுவிட்டது. "டாக்டருக்கு டீல பால் ஊத்தலாமா கூடாதா? போன தடவை ஊத்தினேன், ஒரு வாய்கூடக் குடிக்கல நீ. வாயத் தொறந்து சொன்னாத்தானே கண்ணு தெரியும்?" என்றார் லயல். ஊற்றலாம் என்று மெரின் தலையை ஆட்டினாள். பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

டாக்டர் என்று அவர் கூப்பிடுவது கேலிக்கு. டவுன்ஸ்வில்லில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தத் துளிகளைப் பார்ப்பது அவள் வேலை, பகலெல்லாம் ஒரு நுண்ணோக்கி, வீட்டுக்கு வந்தால் இன்னொன்று. வீட்டில் இருப்பதற்குத் தபாலில் சட்டைகள் வரும். டரான்டுலா வளர்க்கும் ஆட்கள் குவீன்ஸ்லாந்து முழுக்க இருக்கிறார்கள், அவர்களுடைய சிலந்திகள் உரித்துப் போட்ட சட்டைகளைத் தீப்பெட்டியில், மாத்திரை டப்பாவில், பஞ்சு வைத்து அனுப்புவார்கள், ஆணா பெண்ணா என்று சொல்லச் சொல்லி. உயிரோடு இருப்பதைப் பார்த்து வருடக்கணக்கில் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே ரோமம், சட்டை மட்டும்தான் சொல்லும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, அதில் ஊறவிட்டு, மிக மெல்லிய தூரிகையால் வயிற்றுத் தோலை விரித்தால், உள்பக்கம் ஓரிடத்தில், பெண்ணாக இருந்தால், கடுகில் பாதி அளவுக்கு ஒரு பை இருக்கும், விந்தைச் சேர்த்து வைக்கும் பை, ஆணுக்கு அந்த இடம் வெறுமை. அவ்வளவுதான். அவள் ஒரு சீட்டில் மூன்றில் ஒன்றை எழுதித் திருப்பி அனுப்புவாள், ஆண், பெண், தெரியவில்லை. பெண் என்றால் இருபது வருடம், வளைக்குள் தடித்த பழுப்பு ராணியாக உட்கார்ந்திருக்கும். ஆண் என்றால் நாலு, நாலரை வயதில் கடைசியாக ஒருமுறை சட்டை உரிக்கும், எழுந்திருக்கும்போது வேறு பிராணி, கால்கள் நீண்டு, உடம்பு வற்றி, பழுப்பெல்லாம் சாம்பலாகி, முன்னாலிருக்கும் இரண்டு சிறு கைகளின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல உருண்டு, பிறகு அது சாப்பிடாது, வளையில் தங்காது, ஒரு பெண்ணைத் தேடி நடந்துகொண்டே இருக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு, ஒரு வருடத்துக்குள் முடிந்துபோகும். தெரியவில்லை என்று அவள் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள், அது சுலபம், அதற்கு யாரும் கோபப்பட்டதில்லை, அடுத்த சட்டையை அனுப்புகிறோம் என்பார்கள், அவ்வளவுதான். லயலுக்கும் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

பாத்திரம் துடைக்கும் துணி போர்த்திய மேவிஸின் பெட்டி ஃப்ரீசர் மேல் இருந்தது. துணி குட்டையாக இருந்ததால் கண்ணாடியின் கீழ் விளிம்பு தெரிந்தது, அதில் அவள் கையெழுத்து, 'பெண்' என்று, கீழே மெ. என்று சிறிதாக, சுற்றிலும் புது டேப். மூன்று வருடச் சீட்டு. மெரின் பார்வையை அங்கிருந்து எடுத்துக் கோப்பையின் மேல் வைத்தாள். அன்று சட்டை வருவதற்கு முந்தின நாளே லயல் ஃபோன் செய்துவிட்டார், அதுதான்... மற்ற யாரும் ஃபோன் செய்வதில்லை, தீப்பெட்டி வரும், சீட்டு போகும், குரல் கிடையாது, அதனால்தான் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. லயல் குரலோடு வந்தார். கெட்டில் என்ற ஓடையின் கரையைப் பற்றிச் சொன்னார், இருபத்தாறு வருடம் கரும்பு ரயில் ஓட்டியவர், எதிர் வண்டிக்காக ஓடைப் பக்கம் நிறுத்தும்போதெல்லாம் இறங்கிப் போய் வளைகளைப் பார்ப்பாராம், வாயில் பட்டு கட்டிய வளைகள், உள்ளே செம்பு மினுங்கும் பெரிய பெண்கள், அப்படி ஒரு செம்பு வேறெங்கும் பார்த்ததில்லையாம். பிறகு இறால் பண்ணைக்காகக் கரையை வழித்தார்கள். வழிப்பதற்கு முந்தின நாள், எழுதிக் கேட்டு வாங்கிய அனுமதியோடு, ஒரே ஒரு தாயைத் தோண்டி எடுத்து வந்தார், அது அறுபத்தி மூன்று குஞ்சு போட்டுவிட்டுச் செத்தது, குஞ்சுகளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்தார், இரண்டு வெயில், ஒரு புயல், மூன்று நாள் மின்சாரம் இல்லாமல், எறும்பு, கவனக்குறைவு, கடைசியில் மிஞ்சியது இரண்டு. "ரேலீன்கிட்ட இருக்கறது ஆண்னு நீதான் போன மாசம் சொன்னே. என்கிட்ட இருக்கறதத்தான் நாளைக்குத் தபால்ல போடறேன். பொண்ணுன்னு சொல்லிடு கண்ணு. பொண்ணா இருந்தா அந்த ஓடை இன்னும் இருக்குன்னு அர்த்தம்." தீப்பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுத் தாள், 'மேவிஸ், பொண்ணுதானே?' என்று. சட்டை கிழிந்திருந்தது, சிலந்தி அதைக் கடித்துப் போட்டிருந்தது, வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது, அந்தப் பாதியில் ஒரு மடிப்பு, தோல் மடிந்ததாக இருக்கலாம், பையாக இருக்கலாம், பையாக... பெண் என்று எழுதினாள். எழுதும்போது நிம்மதியாக இருந்தது, யாருக்கோ தண்ணீர் கொடுத்தது போல.

"ரெண்டும் ஒரே சமயத்துல பெரிசாயிடுச்சு பாத்தியா, ரேலீனோட ட்ரெவர் அக்டோபர்ல, இவ டிசம்பர்ல. அதிர்ஷ்டம்னா இது அதிர்ஷ்டம்" என்று லயல் எதிரில் வந்து உட்கார்ந்தார். அதிர்ஷ்டம் இல்லை லயல். ஒரே முட்டைப்பையில் பிறந்தால் அண்ணன் தம்பிகள் முந்திக்கொள்வார்கள், அக்கா தங்கைகள் வருடக்கணக்கில் பிந்துவார்கள், உடன்பிறந்தது உடன்பிறந்ததோடு சேராமல் இருக்க அப்படியோர் இடைவெளி, அந்த இடைவெளி இல்லை என்றால் அங்கே அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை... இதைச் சொல்லலாமே, இது நல்ல ஆரம்பம், பாடப்புத்தகம் போல இருக்கும், யாரையும் குத்தாது. அவள் வாயைத் திறந்தாள். "இந்தா, பேரீச்சம்பழ கேக். நானே பண்ணது. அடி கொஞ்சம் கருகிப்போச்சு, அத மட்டும் வெட்டி எறிஞ்சுட்டுத் தின்னு." தின்றாள். வாயில் கேக் இருக்கும்போது யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை என்பது எவ்வளவு வசதி. மின்விசிறி சுற்றியது, வெளியே மழைக்கு முந்தின புழுக்கம், கொல்லையில் விழுந்த மாம்பழங்கள் புளித்த வாசனை. பதினொன்று நாற்பது. போன இரண்டு வருடத்தில் மேவிஸ் உரித்த சட்டைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாம், சும்மா பதிவுக்கு என்று, ஒரு வரி எழுதினால் போதும், அவர் உடனே அனுப்பியிருப்பார், கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை, மறந்துவிட்டதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்... மறக்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் நினைத்தாள், நினைத்து அடுத்த தீப்பெட்டியைத் திறந்தாள்.

டிசம்பரில் படம் வந்தது. லேப்பில், மதிய இடைவேளையில், ஃபோனில். 'மேவிஸ் உரிச்சுட்டா. கலர் பாரு, வெள்ளி மாதிரி' என்று கீழே. அவள் ஆப்பிளைக் கடித்த வாயோடு நின்றுவிட்டாள். கால்கள். அந்த நீளமான, பட்டினி கிடந்த கால்கள். முன்னால் இரண்டு கையுறை. பெரிதாக்கிப் பார்க்கவே தேவையில்லை, பெரிதாக்கிப் பார்த்தாள், மூன்று தடவை, ஏதாவது மணல் ஒட்டியிருக்குமா என்று. பிறகு 'அழகா இருக்கு' என்று பதில் போட்டாள். அதுவும் பொய் இல்லை. நாளைக்கு ஃபோன் செய்து பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் அப்படிப் போட்டாள், நாளைக்குக் கிறிஸ்துமஸ் வேலை, அதற்கு மறுநாள் அவளுக்கே தலைவலி, அதற்குப் பிறகு இவ்வளவு நாள் சொல்லாததற்கும் சேர்த்து ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, ஒவ்வொரு நாளும் அந்தக் காரணம் ஒரு நாள் பெரிதாக வேண்டியிருந்தது... போன வாரம் அவரே ஃபோன் செய்தார். சனிக்கிழமை ரேலீன் ட்ரெவரைக் கொண்டுவருகிறாள், இணை சேர்க்கப் போகிறோம், நீ வராமல் எப்படி, பொண்ணுன்னு சொன்னவளே நீதானே என்று. வருகிறேன் என்றாள். நேரில் சொல்வது இன்னும் நல்லது என்று ஒன்றேகால் மணி நேரம் கார் ஓட்டி வரும்போது முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், காரில் நன்றாக வந்தது.

வாசலில் ஹார்ன். பதினொன்று ஐம்பதுதான் ஆகியிருந்தது, பத்து நிமிடம் முன்னதாக, அந்தப் பத்து நிமிடத்தில்தான் சொல்லியிருப்போம் என்று மெரினுக்குத் தோன்றியது, அது உண்மை இல்லை என்றும் தோன்றியது. "யோவ் லயல்! இன்னும் உயிரோடதான் இருக்கியா? ஒரு கேட்டத் தொறக்க இவ்ளோ நேரமா?" "உன் வண்டிச் சத்தம் கேட்டதும் ஒளிஞ்சுக்கப் பாத்தேன், எடம் கெடைக்கல." ரேலீன் சரினாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், ஐம்பத்தைந்து வயது, நாற்பது பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலே அடக்கும் குரல். நாலு மணி நேரம் ஓட்டி வந்த களைப்பே இல்லை. மார்போடு அணைத்து ஒரு ஐஸ்கிரீம் டப்பா, மூடியில் சூடாக்கிய முள்கரண்டியால் போட்ட ஓட்டைகள். "மாப்பிள்ளை வந்தாச்சு. பொண்ணு வீட்டுக்காரன் வாசல்ல நின்னு வரவேற்க வேணாமா?" "மாப்பிள்ளைக்கு எத்தனை கால்னு மொதல்ல சொல்லு. பத்திரிகைல எட்டுன்னு போட்டிருந்தது." "ஏழு. போன வாரம் தொட்டி மூடில மாட்டி ஒண்ணு போச்சு. உன் வயசுக்கு உனக்கு எல்லாம் ஒழுங்கா இருக்கா? வாய மூடு." பிறகு மெரின் பக்கம் திரும்பி, "நீதான் மெரினா? சீட்டு எழுதற பொண்ணு! அய்ய, இவ்ளோ சின்னப் பொண்ணா நீ? நான் என்னவோ கண்ணாடி போட்ட கெழவின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்று தோளில் தட்டினாள். கை சூடாக, கனமாக இருந்தது. அந்தக் கையை மெரினுக்குப் பிடித்தது, அதற்கு இன்னும் எதுவும் தெரியாது.

உப்பு மாட்டிறைச்சி வைத்த சாண்ட்விச், டின்னிலிருந்து பீட்ரூட். முதலில் சாப்பாடு, பிறகு கல்யாணம் என்றாள் ரேலீன். சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லக்கூடாது, சாப்பாடு முடிந்ததும், தட்டுகளை எடுக்கும்போது, இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில், அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், ஒரு தடவை சொன்னால் போதும். உள்ளே விட்டபிறகு தெரிந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், ட்ரெவருக்கு ஏற்கெனவே ஏழு கால், அதனால் துணியை எடுக்கும் முன்பு சொல்லியாக வேண்டும், ஆக வேண்டும் என்று தெரிகிறது, தெரிவதற்கும் நாக்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது, எந்தப் படத்திலும் அந்த உறுப்பு இல்லையே... "பாவம், இவனுக்கு ரொம்ப நாளில்ல" என்று ரேலீன் டப்பாவைத் தட்டினாள். "ரெண்டு வாரமா ஒரு பூச்சி தொடல. டிசம்பர்லயே ப்ராஸர்பைன்ல இருக்கானே, கார்த், அவன் கேட்டான். அவன்கிட்ட ஒரு பெரிய பொண்ணு இருக்கு, கெட்டில் ஓடை இல்ல, பக்கத்து ஓடைது, ஆனா நெறம் கிட்டத்தட்ட அதே. ஒரு மாசம் ட்ரெவர அனுப்பு, குஞ்சுல பாதி உனக்குன்னான். நான் முடியாதுன்னுட்டேன். இவன் மேவிசுக்குன்னு பேசி வெச்சது, பேச்சு மாற மாட்டேன்னேன்." "இப்ப கேட்டுப் பாரேன், அப்புறமாக் கொண்டுபோய் விடலாம்ல" என்றார் லயல். "எங்க? கிறிஸ்துமஸ் வாரமே வேற ஒருத்தன விட்டுட்டான். முட்டைப்பை கட்டிடுச்சாம். வர்ற வழியிலதான் அவன் வீடு, ஹார்ன் அடிச்சுட்டு வந்தேன்." மெரின் பீட்ரூட்டை முள்கரண்டியால் குத்தினாள், சிவப்புத் தண்ணீர் தட்டில் பரவி ரொட்டியை நனைத்தது. டிசம்பர். டிசம்பரில் எப்போது. கேட்க வேண்டும், கேட்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முந்தைய மடிப்பு ஒரு தவறு, கண்ணின் தவறு, யாருக்கும் நேரும், அதை மன்னித்துவிடலாம் என்று இவ்வளவு நேரம் ஓர் ஓரத்தில் கணக்கு வைத்திருந்தாள். டிசம்பர் கண்ணின் தவறு இல்லை.

தட்டுகளை எடுத்தார்கள். அவள் சொல்லவில்லை. லயல் கையைக் கழுவி, துடைத்து, முட்டை திருப்பும் நீளக் கரண்டியை அவள் கையில் கொடுத்தார், சண்டை வந்தால் நடுவில் விட்டுத் தடுக்க. ரேலீன் ஐஸ்கிரீம் டப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். லயல் துணியை எடுத்தார். பட்டப்பகலில் வளைக்கு வெளியே, கண்ணாடியோரமாக நடந்துகொண்டிருந்தது மேவிஸ், ஒரு முனை வரைக்கும் போய், தடவி, திரும்பி, அடுத்த முனைக்கு. டப்பாவில் ட்ரெவர். பக்கத்தில் பக்கத்தில். ஒரே சாம்பல். ஒரே நீளக் கால்கள், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்கு ஏழு. முன்னால் தூக்கிப் பிடித்த இரண்டு ஜோடிக் கையுறைகள், ஒரே அச்சு. ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எது பெண் என்று கேட்டால்கூட இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லும். ரேலீனின் பார்வை பெட்டிக்குப் போய், டப்பாவுக்கு வந்து, மறுபடி பெட்டிக்குப் போய், கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் கொஞ்சம் நின்று, பிறகு மெரினிடம் வந்தது. "லயல், இது..." என்று தொடங்கினாள். "பொறு ரேலீன். டாக்டர் சொல்லட்டும்" என்றார் லயல். அவர் சிலந்தியைப் பார்க்கவில்லை. மெரினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, பால் ஊத்தலாமா என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. "சொல்லு கண்ணு. விடலாமா?"

இப்போது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது, அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார், உள்ளே போனால் போதும். "லயல், அந்தச் சீட்டு..." என்றாள். "சீட்டுக்கு என்ன? ரெண்டு தடவை டேப் மாத்திட்டேன். நல்லாத்தான் ஒட்டியிருக்கு." கரண்டியை இன்னொரு கைக்கு மாற்றினாள். மேவிஸ் முனைக்குப் போய்த் திரும்பியது, போய்த் திரும்பியது, அதற்கும் என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது, எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை... யாரோ பேசுவது கேட்டது, அவள் குரல்தான், "இன்னிக்கு... வேண்டாம்னு தோணுது. புழுக்கம் ஜாஸ்தியா இருக்கு. ரெண்டும் களைச்சுப் போயிருக்கும்." "சரி" என்றார் லயல். "டாக்டர் சொன்னா சரி." துணியை எடுத்துப் பெட்டி மேல் போர்த்தினார், நான்கு முனையும் ஒழுங்காக வருகிறதா என்று இழுத்துவிட்டார், அதில் வேண்டியதற்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார். ரேலீன் டப்பா மூடியை அழுத்தி மூடிய சத்தம் கேட்டது, ஒவ்வொரு முனையாக, நான்கு தடவை.

மாம்பழம் கட்டித் தருகிறேன் என்று லயல் கொல்லைப் பக்கம் போனதும் ரேலீன் அவளை வண்டிவரை கூட்டிப் போனாள். கூட்டிப் போகவில்லை, முன்னால் நடந்தாள், மெரின் பின்னால் போனாள். டப்பாவை முன்சீட்டில் வைத்து அதன் மேல் சீட் பெல்ட்டை மாட்டினாள் ரேலீன். "மேவிஸ் உரிச்சதும் போட்டோ ஏதாவது ஒனக்கு அனுப்பிச்சானா அவன்?" "ம்." "எனக்கு அனுப்பல. நான் செல்ஃபோனே வெச்சுக்கறதில்ல, வீட்டு ஃபோன்தான். ஒனக்கு எப்ப வந்தது?" மழை வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. "டிசம்பர்... பதினாலு" என்றாள் மெரின். இதற்குப் பொய் சொல்ல வரவில்லை, எண்கள் எப்போதும் சரியாக வந்துவிடும். ரேலீன் சாவியைக் கையில் உருட்டினாள். "கார்த் எனக்குப் பதினாறாம் தேதி ஃபோன் பண்ணான்." அவ்வளவுதான் சொன்னாள். கத்துவாள் என்று மெரின் காத்திருந்தாள், கத்தினால் நன்றாக இருக்கும், பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவது போல, கத்தி முடித்தால் முடிந்துவிடும். "அந்தக் கெழவன் மூஞ்சியப் பாத்தேன், அதனாலதான் உள்ள வாயத் தொறக்கல. ஒனக்காக இல்ல." பிறகு, "ட்ரெவருக்கு ஏசி ஆகாது, ஜன்னலத் தொறந்துதான் ஓட்டணும், மழைக்கு முந்திப் போறேன். லயல்கிட்ட சொல்லிடு" என்று ஏறிக் கதவைச் சாத்தினாள். லயலிடம் எதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

லயல் வந்து, ரேலீன் போய்விட்டதைப் பார்த்து, "அவ எப்பவும் இப்படித்தான், நாலு மணி நேரம் வருவா, நாப்பது நிமிஷம் இருப்பா" என்றார். மாம்பழப் பையை மெரினின் கார் ஜன்னல் வழியாக வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார், அவருடைய ரத்த அழுத்த மாத்திரை வந்த டப்பா. "டிசம்பர்ல உரிச்சது. தபால்ல போடணும் போடணும்னு... நேரம் கெடைக்கும்போது பாரு. அவசரமில்ல." கிழிக்காமல் முழுசாக இருக்கிறது என்றார், அவரே பஞ்சு வைத்து எடுத்தாராம். "லயல்" என்றாள். "ம்?" "கேக் நல்லா இருந்தது." அவர் சிரித்தார், கார்க் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார், போகலாம் என்று ரயிலுக்குச் சொல்வது போல.

ஊர் எல்லையில் கரும்பு ரயில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. ஜூனிலிருந்து நவம்பர் வரைதான் வண்டி ஓடும், இப்போது ஜனவரி, தண்டவாளத்தில் துரு, நடுவில் முழங்கால் உயரப் புல், இருந்தும் நிறுத்தினாள், எப்போதும் நிறுத்துவாள். இடப்பக்கம் யாரும் இல்லை. வலப்பக்கம் யாரும் இல்லை. டப்பா மடியில் இருந்தது, எப்போது எடுத்து மடியில் வைத்தோம். திறந்தாள். பஞ்சின் மேல் சட்டை, கால்களை மடித்து, தூங்குவது போல, அதன் மேல் மேவிஸின் செம்பு நிறம் அப்படியே இருந்தது, உள்ளிருந்தது சாம்பலாக எழுந்து நடந்துபோக, நிறம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. ஒரு கீறல் இல்லை. வீட்டுக்குப் போய் இதை ஊறவைத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும், தெரிவதற்கு என்ன இருக்கிறது, தெரிந்ததுதானே... இருந்தும் விரல் அந்த வயிற்றுத் தோலின் பக்கம் போனது, ஒருவேளை, கடுகில் பாதி, ஒருவேளை. கையை இழுத்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கிழிந்த பாதியில் உண்மையில் என்னதான் பார்த்தோம் என்று நினைத்துப் பார்த்தாள், வட்டமான வெளிச்சம் வந்தது, தூரிகை வந்தது, சோப்பு நுரை வந்தது, அந்த மடிப்பு மட்டும் எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் லயலின் குரல்தான் இருந்தது, பொண்ணுன்னு சொல்லிடு கண்ணு. அதைத்தான் பார்த்திருக்கிறோமா, நுண்ணோக்கியில் குரலை... அப்படியானால் மற்றவர்களுக்கு எழுதிய சீட்டுகள், லேப்பில், ரத்தத்தில்... இல்லை, அங்கே யாரும் பேசுவதில்லை. பஞ்சுக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்தாள். லயலின் பெரிய பெரிய எழுத்தில் தேதி மட்டும், டிசம்பர் 12. பெயர் இல்லை. 'பொண்ணுதானே?' என்ற கேள்வியும் இல்லை. மிச்சத் தாள் வெறுமையாக, அவள் எழுதுவதற்கு இடம் விட்டு. திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் ஒன்றுமில்லை, மறுபடி திருப்பினாள், எதைப் பார்க்க வேண்டும் என்று இந்த முறை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, யாராவது சொன்னால் தேவலை என்று அவள் காத்திருப்பது அவளுக்கே தெரிந்தது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவள் மறுபடி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், தண்டவாளம் இரண்டு பக்கமும் காலியாகத்தான் இருந்தது.